மாத்துன பார்ட்ஸும் மிச்சமிருக்கற வாரண்டியும்

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸ்களில் ஓடின லேப்டாப்புகள்தான் எங்க பக்கத்துக் கிராமங்களில் காலேஜ் போற பிள்ளைகள் கைக்கு வந்து சேருது. தப்பில்லீங்க, நல்ல காரியம்தான். ஆனா "இன்னும் ஒரு வருசம் வாரண்டி இருக்குதுங்க"ன்னு ஒரு வார்த்தையைச் சொல்லி விலையை ஏத்தறாங்க பாருங்க, அந்த இடத்துலதான் கொஞ்சம் நின்னு யோசிக்கணும்.

வாரண்டி ஓடறது லேப்டாப் அடியில இருக்கிற சீரியல் நம்பர் மேல. கம்பெனி வெப்சைட்டில் அந்த நம்பரை அடிச்சா முடியற தேதி வந்துரும். (சில கம்பெனியில உரிமையாளர் பேரையும் மாத்திப் பதியணும்.) நடுவுல ஒருத்தர் பழைய ராமைக் கழட்டிட்டுப் பெருசா மாட்டியிருந்தா, ஹார்டு டிஸ்க்கை எடுத்துட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தா, அது அந்தத் தேதியில தெரியாது. வெளியே வாங்கி மாட்டின ராமுக்கு லேப்டாப் கம்பெனி பொறுப்பேற்காது. அதைச் செஞ்ச கம்பெனிகிட்டத்தான் போகணும், அங்கேயும் பில் கேப்பாங்க. மாட்டும்போது போர்டுல கீறல் விழுந்திருந்தா அதுக்கும் வாரண்டி கிடையாது. பேட்டரிக்கு இன்னும் மோசம்: மூணு வருச வாரண்டி போட்ட பல லேப்டாப்பிலும் பேட்டரிக்கு ஒரு வருசம்தான்.

அதுக்காக, மூடியைத் திறந்தாலே வாரண்டி போச்சுன்னு மிரட்டறதையும் நான் ஒத்துக்கமாட்டேன். அமெரிக்காவில் 1975லயே இதுக்குச் சட்டம் போட்டுட்டாங்க. 'இதைக் கிழித்தால் வாரண்டி செல்லாது'ங்கற மாதிரி மிரட்டல்களுக்காக 2018ல அங்கே ஆறு கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் போச்சு. இங்கே 2014ல நம்ம போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்கிட்ட விட்டா வாரண்டி ரத்துன்னு சொன்னதும் அந்த வழக்குல ஒரு விசயம். (அப்பீலுக்குப் போனது தனிக்கதை.) 2022ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு கமிட்டி வச்சு, டிசம்பர்ல போர்ட்டலும் திறந்தாங்க. விவசாயக் கருவிகளும் செல்போன், எலக்ட்ரானிக்ஸும் அதுல ஒரே பட்டியல்ல இருக்குது. டிராக்டர் வச்சிருக்கறவனுக்கும் லேப்டாப் வச்சிருக்கறவனுக்கும் ஒரே தலைவலிதானே! போர்ட்டல் போதாதுங்க, சட்டமாவே வேணும்.

காதர்பேட்டையில செகண்ட்ஸ் பனியனை செகண்ட்ஸ்னு சொல்லித்தான் விக்கறாங்க, வாங்கறவங்களும் தெரிஞ்சே வாங்கறாங்க. யாவாரம் நல்லாவே நடக்குது. லேப்டாப் விக்கறவங்களும் என்ன பார்ட் மாத்தினோம், எப்போ, எங்கேன்னு ஒரு தாளில் எழுதி, புதுப் பார்ட்டோட பில்லையும், கழட்டி வச்ச பழைய ராமையும் சேர்த்தே கொடுத்துரலாம். பழசைத் திருப்பி மாட்டி சர்வீசுக்குக் கொண்டு போனா, கோளாறு எதுலன்னு பிரிச்சுப் பாக்கறதும் சுலபம்.

பிள்ளைக்கு வாங்கறவங்க தனி ஆள்கிட்ட வாங்கினா வாரண்டிப் பேச்சுக்குத் தனியா காசு கொடுக்காதீங்க. பில் போடற கடையா இருந்தா, மாத்தின பார்ட்ஸையும் அந்தப் பில்லுலயே எழுதச் சொல்லுங்க. எழுத மாட்டேன்னு சொன்னா அடுத்த கடைக்கு நடந்துருங்க.