ரூட்டர் டேபிள்: பலகையில மிச்சம் பிடிங்க, சுவிட்சில வேண்டாம்

வீக்கெண்டில் மரவேலை செய்பவரா நீங்க? ரெடிமேட் ரூட்டர் டேபிளை ஈஎம்ஐயில் வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்க. ரூட்டரைத் தலைகீழா மாட்டின மேசை, அவ்வளவுதான் அது. 18 மி.மீ. பிளைவுட், நேரான கட்டையில ஒரு ஃபென்ஸ், ரூட்டரைத் தாங்க ஒரு பிளேட். நீங்களே செய்யலாம்.

மிச்சமாகும் பணத்தை வேகத்தைக் குறைக்கக்கூடிய ரூட்டர்ல போடுங்க. பெரிய பிட்டை முழு வேகத்துல ஓட்டக் கூடாது. அடுத்தது நோ-வோல்ட் சுவிட்ச். டேபிளுக்கு அடியில ரூட்டரோட சுவிட்ச் ஆன்லயேதான் இருக்கும். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, பிட் பக்கத்துல உங்க கை இருந்தா? இந்த சுவிட்ச் இருந்தா மெஷின் தானா ஓடாது. கீபோர்டு தட்டுற விரல்லதான் உங்க சம்பளமே வருது, சார்!

டேக்ஸ்? பொழுதுபோக்குக்கு வாங்கின டூலைச் சம்பளத்துல கழிக்க முடியாது. ஸ்டூல் செஞ்சு தொடர்ந்து வித்தா அது பிசினஸ் வருமானம்; ஐடிஆர்-1 செல்லாது. அப்போ மெஷினுக்கு ஆண்டுக்கு 15% தேய்மானம் உண்டு. பிரிசம்ப்டிவ் ஸ்கீம்ல போனா தனியா கேட்க முடியாது. எதுக்கும் பில்லை உங்க பேர்லயே வாங்கி வைங்க.