ஒரு ஹெட்செட், இருபது போன்

வி.ஆர். கேம் செய்கிறவர்களிடம் ஒரு பெருந்தன்மை உண்டு. ஆட்டத்தை முழுக்க முழுக்க ஹெட்செட்டுக்காகவே கட்டி முடிப்பார்கள். வெளியிட நாள் நெருங்கும்போது யாருக்கோ ஞாபகம் வரும், உலகத்தில் பெரும்பாலானவர்களிடம் ஹெட்செட் இல்லை என்று. உடனே ஒரு 'ஸ்கிரீன் மோட்' ஒட்டவைக்கப்படும். "இனி போனிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பவர்கள் நம்மோடு சேரலாம்" என்று அறிவிப்பு வரும். சேர்ந்து பார்த்தால் தெரியும். ஹெட்செட் போட்டவர் கையசைக்கிறார், குனிகிறார், மேசையில் கிடப்பதை எடுத்து முகத்தருகே வைத்துப் பார்க்கிறார். போனில் வந்தவரின் கைகள் துணிக்கடை பொம்மையின் கைகள் மாதிரி தொங்குகின்றன. அவருக்கு வேலை எதுவும் இல்லை. கூட்டம் காட்டுவதற்காக உள்ளே விடப்பட்டவர் அவர்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரை ஒரு வாய்க்காலை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். கடலோரம் வெள்ளை நகரம், வாய்க்காலுக்கு மேற்கே கறுப்பு நகரம். ஊர் ஒன்றுதான், குறுக்கே போகவும் வழி இருந்தது. வழி இருப்பதால் இரண்டு பக்கமும் சமம் ஆகிவிடாது என்பதை யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

"அப்படின்னா சேர்க்கவே வேணாம், வி.ஆர். ஆட்டம் வி.ஆர். ஆட்களுக்கு" என்று சொல்கிற ஒரு தரப்பு இருக்கிறது. அவர்கள் வாதம் பலமானதுதான். மவுஸ் வைத்திருப்பவர் மணிக்கட்டை ஓர் அங்குலம் நகர்த்தினால் முழுதாகத் திரும்பிவிடுவார். ஹெட்செட் போட்டவர் நிஜக் கழுத்தை, நிஜ இடுப்பைத் திருப்ப வேண்டும். பதிலுக்கு அவரால் சுவருக்குப் பின்னால் உடம்பை வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிச் சுட முடியும். மவுஸ்காரரால் அது ஆகாது. போனில் ஆடுபவரின் கேமரா முதுகுக்குப் பின்னால் மிதந்தால் அவர் மூலைக்கு அப்பாலும் பார்ப்பார். ஹெட்செட்காரருக்கு முகத்தில் இருக்கும் இரண்டு கண்தான். வேகமாக ஓடவிட்டால் கண் ஓடுகிறது என்கிறது, உள்காது நிற்கிறாய் என்கிறது, வயிறு குமட்டுகிறது. அதனால் அவரைத் தாவித் தாவி நகரவைக்கிறார்கள். இவர்களை ஒரே மைதானத்தில் இறக்கிச் சமமாகச் சண்டை போடச் சொன்னால் இரண்டு பக்கமும் திட்டும். பப்ஜி மொபைல்கூட கம்ப்யூட்டரில் எமுலேட்டர் போட்டு ஆடுபவர்களைத் தனியாகப் பிரித்துத்தான் வைத்தது.

எல்லாம் சரி. ஆனால் இதிலிருந்து இவர்கள் எடுக்கும் முடிவு தப்பு. வேறு வேறு உடம்பு கொண்ட இருவருக்கு ஒரே வேலையைக் கொடுத்தால் ஆட்டம் கெடும் என்பதைத்தான் இந்த உதாரணங்கள் நிரூபிக்கின்றன. இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்பதை அல்ல. வேலையைப் பிரித்துக் கொடுக்கத் தெரியாத சோம்பலுக்குத் 'தூய்மை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் ஊர் நிலவரத்தைப் பார்ப்போம். குவெஸ்ட் 2 ஹெட்செட் 2020 அக்டோபரில் 299 டாலருக்கு வந்தது. மெட்டா அதை இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கவில்லை. இங்கே இருப்பவை பெட்டிக்குள் வந்தவை. துபாயிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, புதுச்சேரியில் பாரீஸிலிருந்து வரும் சொந்தக்காரர் கையில். சொல்தா குடும்பங்கள் இருக்கும் தெருவில் ஒரு வீட்டில் ஒன்று இருக்கலாம். அதைச் சுற்றி எத்தனை போன் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அண்ணன் தலையில் மாட்டிக்கொண்டால் தங்கச்சிக்கு என்ன ஆட்டம்? காத்திருப்பது. அப்பா அம்மாவுக்கு? "மேசையில இடிச்சுக்காதடா" என்று கத்துவது.

2023இல் ஜியோ இதற்கு ஒரு விடை கொண்டுவந்தது. 1,299 ரூபாய்க்கு ஜியோடைவ். போனைச் செருகித் தலையில் மாட்டிக்கொண்டு ஐ.பி.எல். பார்க்கலாம். தலை திரும்புவது அதற்குத் தெரியும், ஓர் அடி முன்னால் போனால் தெரியாது, கைகள் இருப்பதே தெரியாது. நல்லதொரு போனை மட்டமான ஹெட்செட்டாக மாற்றும் கருவி அது. கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டது. எல்லோர் தலையிலும் எப்படி மாட்டுவது என்று யோசித்தார்கள். ஒருத்தர் மாட்டியிருக்கும்போது மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று யாரும் யோசிக்கவில்லை.

பதில் நம் கண்முன்னால் வருஷா வருஷம் நடக்கிறது. ஏதாவது ஓர் இன்ஜினியரிங் கல்லூரி விழாவில் வி.ஆர். ஸ்டால் முன்னால் நின்று பாருங்கள். ஒருத்தன் ஹெட்செட்டில். அவன் பார்ப்பது பக்கத்து லேப்டாப்பில் ஓடும். வரிசையில் இருபது பேர். "லெஃப்ட்ல பாருடா", "பின்னாடி வரான்டா", நடுவில் ஒருத்தன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிச் சிரிப்பான். அந்த இருபது பேரும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது அந்தக் கேமுக்குத்தான் தெரியவில்லை.

பொங்கலுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு உறியடிக்கிற போட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஹெட்செட் என்பது கண்கட்டு. உள்ளே வேறொரு உலகம் தெரிகிற கண்கட்டு. கம்பு ஒருத்தர் கையில்தான், பானை எங்கே என்பது ஊருக்குத்தான் தெரியும். உதவுகிறவர், குழப்புகிறவர், யார் குரலை நம்புவது என்று தவிக்கிறவர். ஊர் வாயை மூடிக்கொண்டால் அந்த ஆட்டமே இல்லை.

'கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ்' என்ற கேம் 2015இல் செய்தது இதைத்தான். ஹெட்செட் போட்டவர் முன்னால் வெடிகுண்டு. அதைச் செயலிழக்கவைக்கும் கையேடு வெளியே இருப்பவர்களிடம். அவருக்குக் கையேடு தெரியாது, இவர்களுக்குக் குண்டு தெரியாது. பேசியே ஆக வேண்டும், நேரம் ஓடுகிறது. வெளியே இருப்பவர்களுக்கு ஆப் தேவையில்லை, அக்கவுண்ட் தேவையில்லை. கையேட்டைப் போனில் திறந்து வைத்துக்கொண்டால் போதும், காகிதத்தில் அச்செடுத்தாலும் சரி. இரண்டு தளத்துக்கும் கேம் செய்தால் செலவு இரட்டிப்பாகும் என்று அழுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கட்டும்.

இன்னொரு பாடம் ஆடுபுலி ஆட்டத்தில் இருக்கிறது. 3 புலி, 15 ஆடு, ஒரே கட்டம். புலி தாண்டி வெட்டும். ஆடு வெட்டாது, சூழ்ந்து நின்று அடைக்கும். ஆடு என்பது புலியின் 'லைட் வெர்ஷன்' என்று எந்தத் திண்ணையிலும் யாரும் சொன்னதில்லை. ஆடு வைத்து ஜெயிப்பது தனி ருசி. ரெசல்யூஷன் கேம்ஸின் 'ஏக்ரான்' 2019இல் இதே கணக்கைப் போட்டது. ஹெட்செட் போட்டவர் ஒரு பெரிய மரம், பொன் கொட்டைகளைக் காவல் காக்கிறார். போனில் 8 பேர் வரை அணில்கள், ஒளிந்து ஓடிவந்து திருடுகிறார்கள். போனில் இருப்பவருக்கு உடைந்த மனித உடம்பைக் கொடுக்காமல் முழு அணில் உடம்பைக் கொடுத்ததுதான் அங்கே செய்த புத்திசாலித்தனம். கட்டைவிரலால் அணில் அழகாக ஓடும். மரத்துக்கு நடக்கத் தேவையில்லை என்பதால் குமட்டலும் இல்லை.

'ஸ்டார் ட்ரெக்: பிரிட்ஜ் க்ரூ' 2017 மே மாதம் ஹெட்செட் உள்ளவர்களுக்கு மட்டும் வந்தது. அதே டிசம்பரில் மற்றவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஒட்டவைத்த வேலை மாதிரித் தெரியவில்லை. காரணம், ஒவ்வொருவருக்கும் ஒரு நாற்காலி, ஒரு பொறுப்பு: கேப்டன், மாலுமி, ஆயுதம், இன்ஜின். பொறுப்பு தெளிவாக இருந்தால் கையில் என்ன கருவி இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம்.

எனவே எந்த டிசைனுக்கும் ஒரே ஒரு சோதனை போதும். போன்காரரை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஹெட்செட்காரருக்கு எதுவும் குறையவில்லை என்றால் நீங்கள் செய்தது இணைப்பு இல்லை, வேடிக்கை பார்க்க விட்டிருக்கிறீர்கள். திருப்பியும் போட்டுப் பாருங்கள். ஹெட்செட் இல்லாமலே ஆட்டம் அப்படியே ஓடினால் அதற்கு ஹெட்செட் எதற்கு?

இது தர்மம் பற்றிய பேச்சு மட்டும் இல்லை, பிழைப்பு பற்றியதும்தான். மல்டிபிளேயர் ஆட்டத்துக்கு முதல் எதிரி காலியான லாபி. மிதந்து மிதந்து ஆடும் எக்கோ வி.ஆர். எவ்வளவு அழகான ஆட்டம்! ஹெட்செட்டுக்குள் மட்டுமே வாழ்ந்த அதை மெட்டா 2023 ஆகஸ்டில் மூடியது. 2020 ஊரடங்கில் கோடிக்கணக்கானோர் போனில் 'அமங் அஸ்' ஆடினார்கள். 2022இல் அதன் வி.ஆர். பதிப்பு வந்தபோது அந்தப் போன் கூட்டத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை. கிடைத்த ஊரையே வாசலில் நிறுத்திய கதை. வெளிநாட்டுக் கம்பெனிகளாவது நஷ்டத்தைத் தாங்கும். இங்கே நாலு பேர் சேர்ந்து வாடகை அறையில் கேம் செய்கிறவர்களால் தாங்க முடியுமா?

சென்னையிலும் கோவையிலும் புதுச்சேரியிலும் யூனிட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாள் ஹெட்செட்டைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். போனில் இருப்பவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம், அவரால் மட்டும் முடிந்த ஒரு காரியம், அதை முதலில் எழுதுங்கள். தங்கச்சி கையில் இருக்கும் போனில் ஆட்டம் பிடிபட்ட பிறகு அண்ணன் கண்ணைக் கட்டலாம்.