பழைய வேனில் படுக்கை அறை!

அந்தக் காலத்தில் திருவிழாவுக்குப் போகிறவர்கள் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்கள்.

அடியில் வைக்கோல். அதன் மேல் ஜமக்காளம். ஒரு பக்கம் கட்டுச்சோறு. ஒரு பக்கம் தண்ணீர்க் கூஜா. வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே வரும்.

இரவில் மாட்டை அவிழ்த்துக் கட்டுவார்கள். பெண்களும் குழந்தைகளும் வண்டிக்குள்ளே படுப்பார்கள். ஆண்கள் வெளியே துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். லாட்ஜ் வாடகை என்ற பேச்சே கிடையாது.

அதே ஆசை இப்போது மறுபடியும் வந்திருக்கிறது. பழைய வேன் ஒன்றை வாங்கி, அதில் படுக்கை போட்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றலாமே என்று பலர் நினைக்கிறார்கள்.

கேரவன் என்றால் சினிமா நடிகர்களுக்கு மட்டும்தானா? நமக்குக் கூடாதா?

தாராளமாகக் கூடும்! ஆனால், வண்டியை வாங்கிய மறுநாளே ரம்பத்தை எடுத்து அறுக்கிறார்களே, அதுதான் கூடாது.

ஜெர்மனியில் நடந்தது

இது புதிய யோசனை அல்ல. 1951-ம் ஆண்டிலேயே ஜெர்மனியில் வெஸ்ட்பாலியா என்ற கம்பெனி ஒரு காரியம் செய்தது. வோக்ஸ்வாகன் வேனுக்குள் வைப்பதற்கு என்று ஒரு பெட்டி செய்து விற்றது. படுக்கை, அலமாரி எல்லாம் அந்தப் பெட்டியிலேயே அடக்கம்.

பெட்டியை உள்ளே வைத்தால் வேன் வீடாகும். வெளியே எடுத்தால் மறுபடியும் சாமான் ஏற்றும் வேன்.

பணம் குறைந்தவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நாம் இன்று வரை பார்க்கவில்லை. நம் நாட்டுச் சட்டத்துக்கும் இதுதான் பொருந்துகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கம்பெனி செய்து கொடுத்த வண்டியின் விவரம், ஆர்.சி. புத்தகத்தில் எழுதி இருக்கிறது அல்லவா? அந்த விவரம் மாறிப் போகும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது.

அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம் தண்டனையையும் கூறிவிட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம். அல்லது ஆறு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம்!

ஆகவே கூரையை உயர்த்தாதீர்கள். ஜன்னலுக்காகத் தகட்டை அறுக்காதீர்கள். இருக்கைகளைக் கழற்றி எறியாதீர்கள். "எட்டுப் பேர் உட்காரும் வண்டி" என்று புத்தகத்தில் இருந்தால், எட்டு இருக்கையும் இருக்க வேண்டும்.

சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்சு கம்பெனி பணம் தர மறுப்பதற்கும் இடம் உண்டு.

பெரிய மாற்றம் வேண்டும் என்றால், முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள். அங்கே ஒரு குறை. அனுமதி வாங்கும் வழியைச் சாதாரண மனிதனுக்குப் புரிகிற தமிழில் ஒரே ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்கலாம். அரசாங்கம் இதைச் செய்ய வேண்டும்.

எந்த வண்டி?

நம் ஊரில் பலருடைய கண்ணும் மாருதி ஆம்னி மேல்தான் விழுகிறது. 1984-ல் வந்த வண்டி. 2019-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆகவே, இனிக் கிடைப்பது எல்லாம் பழையதுதான். பக்கவாட்டுக் கதவு தள்ளித் திறக்கும். சந்துக்குள்ளும் நுழையும். ஏறக்குறைய எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி.

ஆனால் சிறிய வண்டி. கணவன், மனைவி, ஒரு குழந்தை படுக்கலாம். ஆறு பேர் படுக்க முடியாது. என்ஜினுக்கு முன்னே நீண்ட மூக்கும் கிடையாது. மோதினால் ஓட்டுகிறவரின் கால்தான் முதலில் வாங்கும். வேகம் ஆகவே ஆகாது.

பெரிய குடும்பம் பெரிய வேன் தேடட்டும். அல்லது பாட்டியையும் தாத்தாவையும் சத்திரத்தில் தங்க வைத்துவிட்டு, மற்றவர்கள் வண்டியில் படுக்கட்டும்.

கையில் பத்து ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ரூபாய்க்கு வண்டி. இரண்டு ரூபாய்க்கு பிரேக், டயர், என்ஜின் வேலை. படுக்கைக்கு மிச்சம் உள்ள ஒரு ரூபாய் போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே வெல்வெட் திரை தொங்குகிறது. டயர் வழுக்கையாக இருக்கிறது!

வாங்கப் போகும்போது ஒரு சிறிய காந்தம் கொண்டு போங்கள். கதவின் அடிப்பாகத்திலும் சக்கரத்தின் மேல் வளைவிலும் வைத்துப் பாருங்கள். நல்ல தகடாக இருந்தால் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருந்தால் ஒட்டாது.

தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இருக்கைக்கு அடியில் காய்ந்த சேறு இருந்தால், அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2015-லும் 2023-லும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின.

15 ஆண்டு முடிந்த வண்டி என்றால், பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சேஸிஸ் நம்பர் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று நீங்களே பாருங்கள். பைனான்ஸ் பாக்கி இருந்தால், அது தீர்ந்த சான்று இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

படுக்கையும் விளக்கும்

பின் இருக்கையை மடக்கிவிட்டு நீளத்தை அளந்து பாருங்கள். வீட்டில் யார் உயரமோ அவரையே படுக்க வைத்து அளப்பது இன்னும் நல்லது.

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்று வாங்குங்கள். அதை இரண்டு மூன்று துண்டாக அறுத்து, கால் வைத்து, பெஞ்சு போல் செய்யச் சொல்லுங்கள். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில். மேலே ஓர் இலவம்பஞ்சு மெத்தை. அடியில் துணியும் பாத்திரமும் வைக்கலாம்.

பகலில் பெஞ்சுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் இறுகக் கட்டிவிடுங்கள். வண்டி ஓடும்போது யாரும் படுக்கக் கூடாது. திடீர் பிரேக் போட்டால் ஆளும் பறப்பார், பெஞ்சும் பறக்கும்.

தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்று. அதன் எடை 20 கிலோ. அதையும் கட்டத்தான் வேண்டும்.

விளக்குக்கு வண்டியின் பாட்டரியைத் தொடாதீர்கள். இரவெல்லாம் மின்விசிறி ஓடினால் காலையில் வண்டி கிளம்பாது. தனியாக ஒரு 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பாட்டரி வாங்கி, வீட்டிலேயே சார்ஜ் செய்துகொண்டு போங்கள். 5 வாட் விளக்கு நாலு மணி நேரமும் 15 வாட் விசிறி எட்டு மணி நேரமும் ஓடினால், 140 வாட்-மணிதான் செலவாகும். அந்தப் பாட்டரியில் உள்ளது 480. பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால் அது நீண்ட நாள் உழைக்கும். பாட்டரி பக்கத்திலேயே ஒரு பியூஸ் போட மறக்காதீர்கள்.

வெயிலைத் தடுக்கக் கூரைக்கு அடியில் தெர்மோகோல் ஒட்டுகிறார்கள். நாம் அதைச் சொல்ல மாட்டோம். அது எளிதில் தீப்பற்றும். மரத்தடியில் நிறுத்துவதற்குச் செலவே இல்லை.

உயிர் போகும் இடம்

2023 ஆகஸ்டு 26. மதுரை ரயில் நிலையம் அருகே ஒரு சுற்றுலா ரயில் பெட்டி நின்றுகொண்டிருந்தது. விடியற்காலையில் பெட்டிக்குள்ளே அடுப்பைப் பற்ற வைத்தார்கள். திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் இருந்து தீ பரவியது. ஒன்பது பேர் மாண்டார்கள்.

2024 டிசம்பர். கேரளத்தில் வடகரைக்கு அருகே சாலை ஓரத்தில் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றுக்குள் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள். உடம்பில் காயம் இல்லை. ஜெனரேட்டர் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உள்ளே புகுந்துவிட்டது. அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. தூங்குகிறவன் விழிக்கவே மாட்டான்.

ஆகவே இந்த இரண்டில் மட்டும் சிக்கனமோ சோம்பலோ வேண்டாம். மழை பெய்தாலும் சமையல் வெளியேதான். மழை விடவில்லையா? கட்டுச்சோறு இருக்கிறது!

ஏ.சி.க்காக என்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். எதிர் எதிராக இரண்டு ஜன்னலைத் திறந்து, கொசுவலை கட்டிப் படுங்கள்.

எங்கே நிறுத்துவது?

பெண்களுக்கு இதுதான் பெரிய கவலை. படுக்கை போட்டாயிற்று. கழிப்பறைக்கு எங்கே போவது?

கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கு என்றே ஒரு திட்டம் அறிவித்தது. ஆனால் ஏழைக்கு வேண்டியது ஆடம்பரப் பூங்கா அல்ல. ஒவ்வொரு சுற்றுலா ஊரிலும் விளக்கு எரியும் ஒரு திடல். பூட்டாத கழிப்பறை. ஒரு தண்ணீர்க் குழாய். ஒரு காவல்காரர். சிறு கட்டணம் வாங்கட்டும். மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள்.

அது வரும்வரை, இருட்டுவதற்கு முன்பே இடம் பார்த்துவிடுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள பெட்ரோல் பங்கு அல்லது கோவில் வண்டி நிறுத்துமிடத்தில் அனுமதி கேட்டு நிறுத்துங்கள். மரம் அழகாக இருக்கிறது என்று ஆள் இல்லாத இடத்தில் நிறுத்தாதீர்கள்.

வேலை எல்லாம் முடிந்ததா? உடனே கொடைக்கானலுக்குக் கிளம்பாதீர்கள். முதல் இரவு உங்கள் வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, குடும்பத்தோடு அதில் படுத்துப் பாருங்கள். எந்தப் பலகை கிறீச்சிடுகிறது, எந்த மூலையில் கொசு வருகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். பால்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.