பழைய கம்ப்யூட்டரும் பட்டறைத் தொழிலும்

கம்ப்யூட்டர் என்றவுடன் நம் கலாசாலை மாணவர் நினைவிற்கு வருவது நேற்று விற்பனைக்கு வந்த புதுப் பெட்டியேயாம். இருபதாண்டுப் பழமையுடைய பெட்டியைக் கண்டால் அவர் நகைப்பர். அந்நகைப்புத் தகாதென்பதே என் அபிப்பிராயம்.

ஓசூரில் அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய பெருந்தொழிற்சாலைகளை யாவரும் அறிவர். அவற்றின் நிழலில் பிழைக்கும் சிறு பட்டறைகளை அறிவார் சிலரே. உலோகங் கடையும் யந்திரம் இருபதாண்டு உழைப்பது இயல்பு. அதனைப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கொண்டு நடத்தும் பெட்டியும் உடன் உழைத்தே தீரவேண்டும். பெட்டியை மாற்றப் புகின் யந்திரத்தையே மாற்ற நேரினும் நேரும்.

அத்தகைய பட்டறையொன்றில் ஒரு திங்கட்கிழமை காலை, பெட்டியின் திரை நீலமாகி 7பி என முடியும் எண்ணொன்றைக் காட்டி நின்றுவிட்டது. பார்க்க வந்தவர் ஹார்டு டிஸ்க் கெட்டதென்று கூறிப் புதியதொன்றை விற்றார். எக்ஸ்பியைப் பதிக்கத் தொடங்கினால், ஹார்டு டிஸ்க்கே இல்லையென்றது திரை. டிஸ்க்கோ கண்ணெதிரே சுழன்றுகொண்டிருந்தது! மூன்று நாள் யந்திரம் ஓய்ந்தது. ஆட்களின் நாட்கூலியும் ஓய்ந்தது.

இதன் காரணம் யாது? எக்ஸ்பி வெளிவந்தது 2001-இல். சாட்டா டிஸ்க்குகளை ஆளும் ஏ.எச்.சி.ஐ. என்னும் முறை வெளியானது 2004-இல். பின்னர்ப் பிறந்ததை முன்னர்ப் பிறந்தது அறியாமை குற்றமாகுமோ? டிஸ்க்கைப் படிக்கக் கன்ட்ரோலருக்குரிய டிரைவர் வேண்டும். அந்த டிரைவரைத் தனியே கொடுத்தாலன்றி எக்ஸ்பி டிஸ்க்கைக் காணாது. கொடுக்கும் வழியும் வேடிக்கையானது. பதிக்கத் தொடங்கியவுடன் எப்-6 விசையை அழுத்தி, பிளாப்பித் தட்டிலிருந்து டிரைவரை ஊட்டல்வேண்டும். அத்தட்டில் டெக்ஸ்ட்செட்டப் என்னும் பெயருடைய கோப்பு எந்த உறையினுள்ளும் இராது மேலேயே இருத்தல் வேண்டும். இதில் தவறி இரவெல்லாம் விழித்தவர் பலர். பிளாப்பி கிடைக்காவிடின் டிரைவரைச் சேர்த்தே புதுக் குறுந்தகடொன்று ஆக்கிக்கொள்ளலாம். 2007-இல் வந்த விஸ்டாவிலோ இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

நிற்க. நம் பட்டறையில் டிரைவரே வேண்டியிருந்ததில்லை. பெட்டியினுள் உள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மின்சாரம் நிறுத்தப்படவே, பயாஸில் ஐ.டி.இ. என்றிருந்த அமைப்பு ஏ.எச்.சி.ஐ. ஆக மாறிவிட்டது. மின்கலத்தை மாற்றி, அமைப்பை முன்போல் ஆக்கியபொழுது, கெட்டதெனத் தள்ளப்பட்ட பழைய டிஸ்க்கே எழுந்து வேலை செய்தது.

ஐ.டி.இ. முறையில் வேகஞ் சிறிது குறையுமே என்பர் சிலர். லேத்துக்கு அவ்வேகம் எற்றுக்கு? ஆயின் பல டிஸ்க்குகளைப் பிணைத்த ரெய்டு அமைப்பிற்கு இவ்வுபாயம் செல்லாது. ஆண்டு எப்-6 வழியே வழி. எக்ஸ்பிக்குரிய பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-உடன் நின்றன, அதனை வைத்திருத்தல் அபாயம் என்னும் ஆக்ஷேபம் நியாயமானதே. இன்டர்நெட்டுடன் இணைக்காது தனித்து நிறுத்துவதே அதற்கு நான் சொல்லும் விடை.

நம் கலாசாலைப் பரிசோதனைச் சாலையில் ஒரு பழைய பெட்டியேனும் இருத்தல் வேண்டும். அதில் மாணவர் தம் கையால் டிரைவர் பதித்துப் பழகவேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்து மாணவருள் பலர் நாளை நிற்கப்போவது இத்தகைய பட்டறை வாயிலில்தானே! பாடத்திட்டத்தில் இடமில்லையென்று உபாத்தியாயர் கூறலாம். ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும்.

அப்பட்டறைப் பெட்டியின் மூடியினுள் இப்பொழுது ஒரு காகிதம் ஒட்டப்பட்டுள்ளது. பயாஸ் அமைப்பும் மின்கலம் மாற்றிய தேதியும் தமிழிலும் கன்னடத்திலும் எழுதப்பட்டுள்ளன. இரவு வேலைக்காரர் ஆனேக்கல்லிலிருந்து வருபவர்.