கணினிச் சான்றிதழ்: கடன்பட்டு வாங்காதீர், கற்று வாங்குவீர்

தோட்டம் கைமாறினால் தொழிலாளி எங்கே போவான்? இந்தக் கேள்விக்கு இப்போது தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு புதிய பதில் சொல்லப்படுகிறது. "பிள்ளையைக் கம்ப்யூட்டர் படிக்க வைங்க. ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டா போதும், மாசம் கை நிறைய சம்பளம்" என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்களில் நல்லெண்ணம் கொண்டவர்களும் உண்டு; கட்டணம் வசூலிப்பதற்காகவே சொல்கிறவர்களும் உண்டு. இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, நம் மக்கள் எந்த வழியில் போவது நல்லது என்பதை இன்று நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

"நமக்கு எதுக்குங்க அதெல்லாம்? அது டவுன்காரங்க சமாச்சாரம்" என்று ஒதுங்குவோர்க்கு முதலில் ஒரு வார்த்தை. கணினி உலகம் எழுந்து நிற்பதே நம்மவர்கள் வியர்வை சிந்திய மண்ணில்தான். புத்ராஜெயா நகருக்கு 1995இல் எடுக்கப்பட்ட நிலம், பிராங் பெசார் தோட்டமும் அதை ஒட்டிய தோட்டங்களுமாகும். லயங்களை விட்டு எழுந்த குடும்பங்கள் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. புத்ராஜெயாவுக்குப் பக்கத்திலேயே 1997இல் கணினித் தொழிலுக்கென்று சைபர்ஜெயா நகர் தொடங்கி வைக்கப்பட்டது. ஜொகூரில் கூலாய் யங் செம்பனைத் தோட்டத்தின் 600 ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலத்தை 2021இல் ஒரு பெரிய நிறுவனம் வாங்க முன்வந்தது. இன்று அங்கே தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. உலகத்தின் கணக்குவழக்குகளையும் படங்களையும் செய்திகளையும் சேமித்து வைக்கும் கணினிக் கிடங்குகள்தாம் இந்தத் தரவு மையங்கள்.

நிலம் போனது போனதுதான். அந்த நிலத்தில் எழுந்த கட்டடத்துக்குள் நம் பிள்ளை எந்த வாசல் வழியாக நுழையப் போகிறான்? காவல்காரனாகவும் துப்புரவுத் தொழிலாளியாகவும் மட்டும்தானா? எந்த வேலையும் இழிவன்று. ஆனால் வேறு வேலைக்கு வாசல் இருப்பது தெரியாமலேயே ஒரு பிள்ளை வெளியில் நிற்பது இழிவு. அந்த இழிவு பிள்ளையைச் சேராது, நம் சமுதாயத்தைச் சேரும்.

பல்கலைக்கழகம் போக முடியாதவனுக்கும் இந்தத் தொழிலில் ஒரு வாசல் உண்டு. அதுதான் தொழில்முறைச் சான்றிதழ். கம்ப்டியா என்ற அமைப்பு 1993 முதல் 'ஏ பிளஸ்' என்ற தேர்வை நடத்தி வருகிறது. கணினியைப் பிரித்துப் பூட்டுவது, பழுது கண்டுபிடிப்பது, அச்சுப் பொறியும் இணையத் தொடர்பும் வேலை செய்யாவிட்டால் சரிசெய்வது இதன் பாடங்கள். இரண்டு தேர்வுகள், ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். சிஸ்கோ நிறுவனத்தின் 'சி.சி.என்.ஏ.' 1998இல் தொடங்கியது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பு வேலைக்கு அது அடிப்படை. இதற்கு ஒரே தேர்வு, 120 நிமிடம். பட்டம் பெற்றவன்தான் எழுத வேண்டும் என்ற நிபந்தனை இரண்டிலும் இல்லை.

கேட்க இனிக்கிறது அல்லவா? ஆனால் ஆழம் பார்க்காமல் காலை விடக்கூடாது. நாம் கவனிக்க வேண்டியவை சில உள்ளன.

முதலாவது பணம். சி.சி.என்.ஏ. தேர்வுக்கு மட்டும் 300 அமெரிக்க டாலர். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு தேர்வுக்கே அதில் பாதிக்கு மேல் போய்விடும். தோற்றால் திரும்பவும் கட்ட வேண்டும். வென்றாலும் மூன்று ஆண்டுதான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது மொழி. இந்தத் தேர்வுகள் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாய்வழி இடைநிலைப்பள்ளியில் முடித்த பிள்ளை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதற்கு ஆறு மாதமோ ஓராண்டோ தனியாக உழைக்கத்தான் வேண்டும். இதைச் சொல்லாமல் மறைத்துப் பணம் வாங்குகிறவர்களை நம்பாதீர்கள்.

மூன்றாவது, குறுக்கு வழி. பழைய கேள்விகளையும் விடைகளையும் விலைக்கு வாங்கி மனப்பாடம் செய்து தேறலாம் என்று ஆசை காட்டுவோர் உண்டு. கண்டுபிடித்தால் சான்றிதழையே பறித்துவிடுவார்கள். கண்டுபிடிக்காவிட்டால்தான் என்ன? பால்வெட்டுக்குப் புதிதாக வந்தவருக்குக் கங்காணி எடுத்தவுடன் நல்ல நிரையைக் கொடுப்பாரா? கழிக்கப்போகும் மரத்தில் பழக விடுவார். கத்தி ஆழமாக இறங்கினால் பட்டை காயப்பட்டுக் கரடு தட்டும் என்பதைக் கை தானாக அறிய வேண்டும். கணினி வேலையும் அப்படித்தான். காகிதத்தில் தேறி, கையில் வேலை தெரியாதவன் முதல் வாரத்திலேயே அகப்பட்டுக்கொள்வான்.

அப்படியானால் எந்த வழி நல்ல வழி? நாம் சொல்வது இது: காசில்லாத வழியில் தொடங்குங்கள், அரசாங்க வழியில் தொடருங்கள், வெளிநாட்டுத் தேர்வைக் கடைசியில் வையுங்கள்.

சிஸ்கோ நிறுவனம் 1997 முதல் நடத்திவரும் பயிற்சிக்கழகத்தில் இலவசப் பாடங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. பிள்ளைக்கு இந்த வேலையில் உண்மையாகவே நாட்டம் இருக்கிறதா என்பது இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். நாட்டம் இல்லையென்றால் நட்டமும் இல்லை.

அடுத்தது எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்குவது. முதல் மூன்று நிலை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர்நிலை டிப்ளோமா. கணினிப் பாடங்கள் மட்டுமல்ல, மின்சாரம், குளிர்சாதனம் ஆகியவையும் உண்டு. எஸ்.பி.எம்.மில் சறுக்கியவனுக்கும் இங்கே இடம் உண்டு. ஐ.எல்.பி. போன்ற அரசாங்கப் பயிற்சிக்கழகங்களில் கட்டணம் குறைவு. தனியாருக்குப் போகுமுன் அங்கே விண்ணப்பம் போடுங்கள். தனியார் கல்லூரி என்றால், அந்தப் பாடத்துக்கு அத்துறையின் அங்கீகாரம் உண்டா என்று நேரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். பி.டி.பி.கே. தரும் பயிற்சிப் பணம் கடன்தான், இனாம் அல்ல. படிப்பு பாதியில் நின்றாலும் கடன் நிற்காது.

தோட்டத்தை விட்டு வெளியேறி டவுனில் கடை வைத்துக் கைப்பேசியும் கணினியும் பழுதுபார்க்கும் இளைஞர்களுக்கு ஒரு சிறப்புச் செய்தி. வகுப்புக்கே போகாமல், பல ஆண்டு செய்த வேலையைச் சான்றுகளோடு காட்டி, மதிப்பீட்டுக்குப் பிறகு எஸ்.கே.எம். பெறும் வழி இருக்கிறது. பி.பி.டி. என்று கேட்டால் சொல்வார்கள். கையில் தொழில் இருந்தும் காகிதம் இல்லாததால் குறைந்த கூலிக்கு உழைப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டி, குலை வெட்டிக் காய்த்துப்போன கையோடு நிற்கும் அண்ணன்மாருக்கு "ஆறு மாதத்தில் நீங்கள் கணினி நிபுணர்" என்று சொல்வது ஏமாற்று. அதை நாம் சொல்ல மாட்டோம். தரவு மையத்தில்கூடக் கட்டி முடிந்தபின் வேலைக்கு ஆள் குறைவாகவே தேவைப்படும். ஆனால் அங்கே இரவும் பகலும் மின்சாரமும் குளிர்சாதனமும் ஓட வேண்டும். அந்தத் தொழில்களில் எஸ்.கே.எம். பெறுவது அவர்களுக்கு எட்டக்கூடியது.

பயிற்சிக்குப் பணம் எங்கே என்பீர்கள். தோட்டம் மூடப்பட்டு ஆட்குறைப்பு நேர்ந்தால் சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. வேலை தேடும் கால உதவித்தொகையோடு, பயிற்சிக் கட்டணத்துக்கும் அதில் உதவி உண்டு. வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு அது கிடையாது! ஆகவே தோட்டம் விற்கப்படும் வேளையில் "சும்மா ஒரு கையெழுத்துதான், போடுங்க" என்று ராஜினாமாக் கடிதத்தை யார் நீட்டினாலும் போடாதீர்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டவிதிகளின்படி வரவேண்டிய ஆட்குறைப்பு நட்டஈடும் அந்த ஒரு கையெழுத்தில் போய்விடக்கூடும். முதலில் சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

இனி நம் தோட்டத் தலைவர்களுக்கும் ஆலய நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் பங்குதாரர் ஆனார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அன்றைக்குப் பத்து வெள்ளி எவ்வளவு பெரிய தொகை! இன்று முப்பது குடும்பம் மாதம் பத்து வெள்ளி போட்டால் ஆண்டுக்கு 3,600 வெள்ளி. ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணம் போக, பழைய கணினிகள் சில வாங்கவும் மிஞ்சும். திருவிழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் ஒலிபெருக்கிச் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆலய மண்டபம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டித்தானே கிடக்கிறது? அங்கே நான்கு கணினி இருக்கட்டும். தோட்டத்திலிருந்து படித்துப் போய் நல்ல வேலையில் இருக்கும் பிள்ளைகள் மாதம் இரண்டு சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்கட்டும்.

தேர்வுக் கட்டணத்துக்காக ஒரு தாய் காதுத்தோட்டை அடகுக் கடைக்குக் கொண்டுபோகும் நிலை வரக்கூடாது. பிள்ளை உழைத்துக் கற்கட்டும். செலவை ஊர் கூடிச் சுமக்கட்டும். ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு ஒரு பிள்ளை இப்படித் தேறினால்கூட, பின்னால் வரும் பத்துப் பேருக்கு வழி தெரிந்துவிடும். அடுத்த ஆலயக் கூட்டத்திலேயே இதைப் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.