மருந்து கொடுத்தால் மட்டும் போதுமா?

இளைப்பு நோயாளியை அழைத்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "இதை விட நல்ல மருந்து இருக்கா டாக்டர்?" சித்த வைத்தியரிடம் கேட்பதும் இதுதான், இங்கிலீஷ் வைத்தியரிடம் கேட்பதும் இதுதான். "ராத்திரி எப்படிப் படுக்க வைக்கணும்? என்ன ஆகாரம் கொடுக்கணும்? எதைப் பார்த்தால் பயப்படணும்?" என்று கேட்பவர்கள் அபூர்வம். அவர்கள் கேட்காவிட்டாலும் வைத்தியர்களாவது சொல்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. காலை, மதியம், இரவு என்று சீட்டு எழுதுவதோடு சரி.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் வைத்தியத்தை நாலு பங்காகச் சொல்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து பணிவிடை செய்பவர். மூன்று கால் மட்டும் இருந்தால் கட்டில் நிற்குமா? ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, காசம் போன்ற மூச்சு நோய்களில் அந்த நாலாவது கால்தான் அதிக பாரம் தாங்குகிறது என்பது என் கட்சி.

சென்னை சொன்ன பாடம்

ஒரு காலத்தில் டி.பி. என்றாலே சானடோரியம்தான். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தில் ஒரு சோதனை நடந்தது. நோயாளிகளில் பாதிப் பேருக்கு சானடோரியத்திலும் பாதிப் பேருக்கு வீட்டிலும், அதே மருந்துகளை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் சுமார்தான், நெருக்கடியான குடியிருப்பு வேறு. ஆனாலும் 1959-ல் முடிவு வெளிவந்தபோது உலகமே ஆச்சரியப்பட்டது. வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய சானடோரியம் அளவுக்கே குணம் தந்திருந்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் தொற்றுவதும் அதனால் கூடிவிடவில்லை.

இதற்குப் பிறகுதான் சானடோரியங்களின் காலம் முடிந்தது. காசநோய் ஆஸ்பத்திரி இருந்த நம் ஆசாரிபள்ளத்திலும் 2001-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. நல்லதுதான். ஆனால் வார்டு வீட்டுக்குள் வந்ததே தவிர, நர்ஸ் வரவில்லை! அந்த வேலை மருமகளின் தலையில் விழுந்தது. அவளுக்கு யாரும் பாடம் சொல்லிக் கொடுக்கவும் இல்லை.

நம்ம ஊர்க் காற்று

நாஞ்சில் நாட்டுக்கு இரண்டு மழை. சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும், மூலையில் பூஞ்சை பிடிக்கும். கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடையில் நெல் தூசி. மேற்கே போனால் அண்டி ஆபீஸ் புகை, ரப்பர் ஷீட் உலர்த்தும் புகை. போதாததற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. இத்தனைக்கும் பயந்து, நோயாளியை ஒரு அறையில் போட்டு ஜன்னலை அடைத்து, கொசுவர்த்திச் சுருளையும் கொளுத்தி வைக்கிறோம்!

ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் ஊதுபத்தியும் அந்த அறைக்கு வேண்டாம். எதிர்க்காற்று நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். காசநோயாளி என்றால் காற்றோட்டம் கட்டாயம். தட்டு, டம்ளரைத் தனியாக வைத்து அவமானப்படுத்த வேண்டியதில்லை. அது காற்றில் பரவும் நோய், தட்டில் அல்ல. இருமும்போது வாயைப் பொத்துவதும், சளியை மூடி போட்ட பாத்திரத்தில் துப்புவதும்தான் முக்கியம்.

கை செய்யும் வைத்தியம்

மூச்சு வாங்கும்போது மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். உட்கார வைத்து, முன்னால் ஒரு மேஜையில் இரண்டு தலையணை போட்டு, அதன் மேல் கையை ஊன்றிச் சாயச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுவது மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் பதறாமல் கூடவே ஊதிக் காட்டினால் பாதிப் பயம் போய்விடும். ஊரே கூடிக் கட்டிலைச் சுற்றி நிற்பது கூடாது.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள். சளி ஒரே இடத்தில் தேங்காது, முதுகும் புண்ணாகாது.

அடுத்தது சாப்பாடு. பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மூச்சு விடுவதே அவருக்குப் பெரிய உழைப்பு. உழைப்பவனுக்குச் சோறு வேண்டாமா? ஒரேயடியாகக் கொடுக்காமல் ஐந்தாறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பயறும் கஞ்சியும், முட்டை, முள் எடுத்த மீன், எல்லாம் கொடுக்கலாம். உட்கார வைத்து ஊட்டுங்கள், சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். காசநோயாளிக்குச் சத்துணவுக்காக அரசு மாதம் தரும் 500 ரூபாயை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். அது நோயாளியின் தட்டுக்குப் போக வேண்டிய பணம்.

எண்ணத் தெரிந்தால் போதும்

நோயாளி சும்மா இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுசாக மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சாதாரணம். 24-ஐத் தாண்டினால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, ஆள் மயங்கி மயங்கி விழுகிறார் என்றால் யோசிக்கவே கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. 2022-ல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் ஊழியர்கள் முதலில் பார்ப்பது என்ன தெரியுமா? உடம்பு ரொம்ப மெலிந்திருக்கிறதா, மூச்சு எத்தனை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இவ்வளவுதான்! இதை வைத்தே ஆபத்தில் இருப்பவரைக் கண்டுபிடித்து உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதை ஒரு மருமகளால், ஒரு மகனால் பார்க்க முடியாதா?

வீட்டில் ஆக்சிஜன் மிஷின் இருந்தால் ஒரு எச்சரிக்கை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு ஆக்சிஜன் கூடினாலும் கெடுதல். வைத்தியர் சொன்ன அளவை நீங்களாகத் திருப்பிக் கூட்டாதீர்கள். அந்த அறையில் விளக்கோ சூடமோ ஏற்றவே கூடாது.

சித்த வைத்தியன் சொல்லலாமா?

சொல்லித்தான் ஆக வேண்டும். ஆடாதோடையும் தூதுவளையும் கண்டங்கத்தரியும் அருமையான மூலிகைகள். ஆடாதோடையில் உள்ள சத்தை ஆதாரமாக வைத்துத்தான் சளி கரைக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரையே வந்தது. ஆனால் மூச்சு முட்டும் நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டு நிற்பது வைத்தியம் இல்லை, விபரீதம். எங்கள் மருந்து நோய் அடங்கியிருக்கும் நாட்களுக்கு. அதையும் பரம்பரை அல்லது பட்டம் பெற்ற வைத்தியரைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். இன்ஹேலரை "பழகிப் போயிடும்" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளிக்க வையுங்கள், வாய்ப்புண் வராது.

கவனிப்பவரை யார் கவனிப்பது?

"மருந்தெல்லாம் ஒழுங்காத்தான் கொடுக்கேன். அத்தை ராத்திரி ஒறங்க மாட்டாவ, நானும் ஒறங்கி மாசமாச்சு" என்று சொல்லும் பெண்களை நம் ஊரில் எத்தனையோ பேர் பார்க்கலாம். மகன்கள் மருந்து வாங்கிப் போடுவதோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ராத்திரி முறையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மூச்சை எண்ணுவதற்கும் முதுகைத் தாங்குவதற்கும் ஆண் பெண் பேதம் கிடையாது.

அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது, ராத்திரி கண் விழிக்கிறவரையும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்துச் சீட்டோடு கவனிப்புச் சீட்டும் எழுதிக் கேளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம், படுக்க வைக்கிற முறையையும் சளி எடுக்கிற பயிற்சியையும் செய்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை. சொல்லிக் கொடுப்பது எங்கள் கடமை.