ஆடுகளைத் தாக்கும் புருசெல்லா: கிரேட் நிக்கோபார் தீவுக்கு மரபணு ஆய்வு ஏன் தேவை?

கேம்பல் பே: சினை ஆடு உரிய காலத்துக்கு முன்பே குட்டியை வீசினால், வளர்ப்பவருக்கு அது ஒரு குட்டியின் இழப்பு. அதற்குக் காரணம் புருசெல்லா மெலிடென்சிஸ் பாக்டீரியா எனில், பாதிப்பு கொட்டிலோடு நிற்பதில்லை. நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அகற்றுபவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் அது தொற்றக்கூடும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மனிதர்களிடம் காணப்படும் அறிகுறிகள்.

கிரேட் நிக்கோபார் தீவின் தலைமையிடமான கேம்பல் பே, இப்போது இந்நோய் குறித்துச் சிந்திக்க வேண்டிய கட்டத்தில் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் சுமார் 8,000 பேரே வசித்தனர். கலாத்தியா விரிகுடா துறைமுகம் உள்ளிட்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. 30 ஆண்டுகளில் மக்கள்தொகை 3.5 லட்சத்தை எட்டலாம் என்பது திட்ட மதிப்பீடு. மக்கள் பெருகினால் இறைச்சி, பால் தேவையும் பெருகும்; கால்நடைகளும் கப்பலேறும். அவற்றுடன் நோய்க்கிருமியும் வரக்கூடும்.

வழக்கமான ரத்தப் பரிசோதனை, தொற்று உண்டா என்பதைக் கூறும்; அது எங்கிருந்து வந்தது என்பதைக் கூறாது. புருசெல்லா இனங்கள் மரபணு அளவில் ஏறத்தாழ ஒன்றுபோல் இருப்பதால், முழு மரபணுத் தொகுப்பை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டே அவற்றின் வழித்தடத்தை அறிய முடியும். சுமார் 33 லட்சம் எழுத்துகள் கொண்ட இதன் தொகுப்பு 2002-இல் வெளியிடப்பட்டது.

உள்நாட்டுக் கிருமியைப் படிப்பதன் பயனுக்கு முன்னுதாரணமும் உண்டு. மதுரா அருகே மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம், ஜமுனாபாரி ஆட்டிலிருந்து ஜோனிஸ் நோய்க் கிருமியைப் பிரித்தெடுத்தது. 'எஸ்5' எனப்படும் அவ்வகையின் மரபணுத் தொகுப்பு 2013-இல் வெளியானது. அவ்வகையைக் கொண்டே உள்நாட்டுத் தடுப்பூசியும் உருவாக்கப்பட்டது.

ஆயினும் கொள்கையில் ஓர் இடைவெளி தென்படுகிறது. 2019 செப்டம்பர் 11 அன்று ரூ.12,652 கோடியில் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கே புருசெல்லா தடுப்பூசி வழங்கியது. மனிதர்களுக்கு அதிக ஆபத்தான வகையைச் சுமக்கும் வெள்ளாடுகள் அதில் இடம்பெறவில்லை.

மரபணு ஆய்வு மட்டும் நோயைத் தடுத்துவிடாது. கப்பலேற்றும் முன் பரிசோதனை, இறங்கிய பின் தனிமைப்படுத்தல், குட்டி வீசிய ஆடுகளின் மாதிரியைக் குளிர்நிலையில் ஆய்வகம் சேர்க்கும் ஏற்பாடு ஆகியவை முதலில் தேவை. நான்கு புறமும் கடல் சூழ்ந்த தீவுக்கு இது எளிது. கிருமி வேரூன்றிய பிறகு அவ்வாறு இராது.